சுவரைக் கொத்துவதை நிறுத்துங்கள்: நம் சபைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ஆயர் ஐயா அவர்களுக்கும், செயலர், பொருளாளர் உள்ளிட்ட குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

திங்கட்கிழமை காலை நம் கடலூர் ஆலயத்தில், வெஸ்ட்ரி என்னும் ஆயர் அறைக்குப் பின்பக்கச் சுவரில் இரண்டு பேர் உளியும் சுத்தியலுமாகப் பூச்சைக் கொத்திக்கொண்டிருந்தார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் ஆள் உயரத்துக்குச் செங்கல் தெரிய ஆரம்பித்துவிட்டது. கீழே குவிந்து கிடந்ததில் ஒரு துண்டை எடுத்து வந்திருக்கிறேன். இதை எழுதும்போது அது என் எதிரில் இருக்கிறது. ஒன்றேகால் அங்குலக் கனம். உடைந்த ஓரத்தில் அரைபடாத கிளிஞ்சல் சில்லு ஒன்று வெள்ளையாகத் தெரிகிறது. வெளிப்பக்கத்தின் வழவழப்பு இன்னும் போகவில்லை. நகத்தால் அழுத்திக் கீறினேன், கோடு விழவில்லை.

"பழைய பூச்சு சார், அதான் கொத்தி எடுக்கிறோம்" என்றார் வேலை பார்த்தவர். பழையதுதான். ஆனால் கெட்டுப்போகவில்லை. கெட்டுப்போன பூச்சு தட்டினால் 'பொத் பொத்' என்று பொள்ளலாகச் சத்தம் கொடுக்கும், கை வைத்தால் உதிரும். இது உளிக்கு இடம் கொடுக்காமல் மல்லுக்கட்டியதை நான் நின்று பார்த்தேன். நல்ல பூச்சைத்தான் காசு கொடுத்துக் கொத்தச் சொல்லியிருக்கிறோம்.

முந்தின நாள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அறிவிப்புகளோடு அறிவிப்பாக நீங்கள் வாசித்தது இது: ஆலயத்தின் உள்ளும் புறமும் பழைய பூச்சை எடுத்துவிட்டுச் சிமெண்ட் பூச்சு. மேல்தளத்தை இறக்கிவிட்டுக் கான்கிரீட். உள்ளே ஃபால்ஸ் சீலிங், ஏசி. கடப்பைக் கல் தரைக்கு மேலே டைல்ஸ். தூணை ஒட்டி நிற்கும் பிரசங்க பீடத்தை எடுத்துவிட்டு முன்னால் மேடை. "குழு ஏகமனதாகத் தீர்மானித்தது" என்று முடித்தீர்கள். சபைக் கூட்டம் கூடவில்லை. எஸ்டிமேட்டை எவரும் பார்க்கவில்லை. மறுநாளே உளி இறங்கிவிட்டது.

என்னை உங்களில் பலருக்குத் தெரியும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் கொத்தனார் மேஸ்திரி. இதே ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்றவன், இங்கேயே திருமணம் செய்துகொண்டவன். என் அப்பா சுண்ணாம்புக் கொத்தனார், அம்மா சித்தாள். தொழிலில் நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கடைசிப் பத்துப் பன்னிரண்டு வருஷம் புதுச்சேரியில் பழைய வீடுகளைப் பழுதுபார்க்கும் வேலையில்தான் இருந்தேன். நீங்கள் இடிக்கப் போகும் மேல்தளத்தில் என் அம்மாவின் கை இருக்கிறது. இந்த மடலுக்கு அதுவும் ஒரு காரணம் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அது மட்டுமே காரணம் என்று எண்ணி ஒதுக்கிவிடாதீர்கள்.

முதலில் கிழக்குச் சுவரைப் பற்றிப் பேச வேண்டும். 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. ஊரில் மரம் ஒன்று மிச்சமில்லை. நம் ஆலயத்தில் சில ஜன்னல் கதவுகளும் மணிக்கூண்டின் ஓரத்தில் கொஞ்சம் பூச்சும் போயின. சுவரில் ஒரு விரிசல்கூட விழவில்லை. ஆனால் கிழக்குச் சுவரின் அடிப்பகுதியில் ஓதம், அதாவது ஈரக்கசிவு, இருந்தது. அப்போதைய குழு சிமெண்ட் பூசிவிடலாம் என்று முடிவு செய்தது. ஆறடி உயரத்துக்குச் சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுச் சிமெண்ட் பூசியவர்களில் நானும் ஒருவன். அப்போது எனக்கும் அவ்வளவுதான் தெரிந்திருந்தது. சிமெண்ட் கெட்டி, சுண்ணாம்பு இளசு, கெட்டியானது நல்லது என்று நம்பினேன்.

மூன்று மழைக்காலம் தாங்கவில்லை. இப்போது போய்ப் பாருங்கள். சிமெண்ட் பூசிய ஆறடி பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. அதற்கு மேலே ஏழாவது, எட்டாவது அடியில், அதுவரை ஒரு குறையும் இல்லாமல் இருந்த இடத்தில், உவர் பூத்து, அதாவது உப்புப் படிந்து, செங்கல் மாவாக உதிர்கிறது. பெஞ்சில் சிவப்புத் தூசி விழுகிறதென்று ஒவ்வொரு சனிக்கிழமையும் துடைக்கிறார்களே, அது சுவரின் செங்கல்.

காரணம் சுலபம். நம் ஊர் மணல் பூமி. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் உப்பனாறு. பத்தடி தோண்டினால் தண்ணீர். அந்த ஈரம் அடிச்சுவர் வழியாக மேலே ஏறத்தான் செய்யும், நூறு வருஷத்துக்கு முன்னால் கட்டியவர்களுக்கும் அது தெரியும். சுண்ணாம்புப் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கின்றன. ஏறிய ஈரம் அவற்றின் வழியாகக் காற்றில் கலந்து காய்ந்துவிடும். உப்பு பூச்சின் மேல் தங்கும், சில வருஷத்துக்கு ஒருமுறை அந்தப் பூச்சைச் சீர்செய்தால் போதும். தேய்வது பூச்சு, பிழைப்பது சுவர். சிமெண்டைப் பூசினால் அந்த வழி அடைபடுகிறது. உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் வேறு வழி தேடி மேலே ஏறுகிறது, உப்பையும் கூடவே கொண்டுபோகிறது. அந்த உப்பு செங்கல்லுக்குள்ளேயே உறைந்து அதை உள்ளிருந்து உடைக்கிறது. நான் ஆறடி பூசினேன், எட்டடியில் உடைகிறது. நீங்கள் கூரை வரைக்கும் பூசப் போகிறீர்கள்.

இதைப் புதுச்சேரியில் வேலை பார்த்த இடத்தில் ஒரு பொறியாளர் எனக்குச் சுவரைத் தோண்டிக் காட்டிப் புரியவைத்தார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நம் கிழக்குச் சுவரின் நினைவுதான்.

அடுத்து மேல்தளம். அது ஒழுகுகிறது என்பதை நான் மறுக்கவில்லை. பாடகர் வரிசைக்கு மேலே வாளி வைக்க வேண்டியிருக்கிறது. ஆனால் ஏன் ஒழுகுகிறது என்று குழுவில் யாராவது மேலே ஏறிப் பார்த்தீர்களா? நான் ஆகஸ்டில் ஏணி போட்டு ஏறினேன். நான்கு இடத்தில் ஒழுக்கு. இரண்டு இடத்தில் கைப்பிடிச்சுவரில் அரசங்கன்று வேர்விட்டுப் பிளந்திருக்கிறது. மூன்றாவது இடத்தில் மழைநீர்த் தூம்பு புறாக் கூடும் சருகுமாக அடைத்து, தண்ணீர் கணுக்கால் அளவு தேங்குகிறது. நான்காவது, லைட் போடுவதற்காகக் குழாய் இறக்கியபோது தளத்தைத் துளைத்துவிட்டு மேலே சிமெண்ட் அப்பிய இடம். நான்குமே பராமரிப்புக் குறை. தளத்தின் குறை ஒன்றுகூட இல்லை.

இந்தத் தளத்தைப் போட்ட விதத்தைச் சொல்கிறேன், இளையவர்கள் தெரிந்துகொள்ளட்டும். சுவருக்குச் சுவர் தேக்கு உத்தரம், மொத்தம் 22. அதன்மேல் நெருக்கமாகச் சட்டங்கள். சட்டத்தின்மேல் கட்டைவிரல் அகலச் செங்கல்லை நெட்டுக்குத்தாக, மூலைவாட்டில் சுண்ணாம்புச் சாந்து வைத்து ஒட்டிக்கொண்டே போவார்கள். அதற்குமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவை, அதைக் கட்டையால் அடித்து இறுக்குவது, கடைசியில் தட்டோடு. நாங்கள் கட்டைக்குத்து என்போம், வெளியூர்க்காரர்கள் மெட்ராஸ் டெரஸ் என்பார்கள்.

எனக்கு எட்டு வயசிருக்கும்போது இந்தத் தளத்தின் வடக்குப் பாதியைப் பிரித்து மறுபடி போட்டார்கள். பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து மரக்கட்டையால் ஜல்லியை அடிப்பார்கள். அம்மா கடைசிக்கு முந்தின ஆள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அடிக்க வேண்டும். பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும், பாட்டின் தாளத்துக்குத்தான் கட்டை விழும். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, ஏழெட்டு நாள். எப்போது போதும் என்பதைக் கட்டையே சொல்லும். முதல்நாள் அடித்தால் அமுங்கும், கடைசி நாள் அடித்தால் துள்ளும், சத்தமும் மாறிவிடும். அம்மா வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டைப் பிடிக்க முடியாமல் இரண்டு உள்ளங்கையாலும் தாங்கிச் சாப்பிட்டது எனக்கு நினைவிருக்கிறது. அந்தப் பாதி அரசங்கன்று வேர்விட்ட இடம் தவிர வேறெங்கும் இன்றைக்கும் ஒழுகவில்லை.

இதை இறக்கிவிட்டுக் கான்கிரீட் போட்டால் எத்தனை வருஷம் வரும்? கடற்கரைப் பக்கம் முப்பது வருஷத்துக்கு முன்னால் கட்டிய வீடுகளின் உட்கூரையைப் பாருங்கள். கான்கிரீட் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரியாத வீடு எத்தனை? கடல் காற்றின் உப்பு உள்ளே இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது, துரு பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கிறது. கட்டைக்குத்துத் தளத்தில் துருப்பிடிக்கக் கம்பியே கிடையாது. தேக்கு உத்தரம் ஒன்று கெட்டால் அந்த ஒன்றை மாற்றலாம். கான்கிரீட் கெட்டால் முழுத் தளமும் கீழே வர வேண்டும். அந்த 22 உத்தரங்களும் என்ன ஆகப்போகின்றன என்பதையும் நீங்கள் அறிவிப்பில் சொல்லவில்லை. பழைய தேக்குக்கு மரக்கடையில் என்ன விலை என்று எனக்குத் தெரியும். கணக்கில் அது வரவாகக் காட்டப்பட்டிருக்கிறதா என்று கேட்க எனக்கு உரிமை உண்டு.

பழைய கோயில் கட்டடங்களைப் பற்றி எனக்கு முதலில் கண்ணைத் திறந்தது சென்னை எழும்பூரில் இருக்கும் புனித அந்திரேயா ஆலயம். பதினாலு வயசில் அப்பாவோடு எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். திரும்பும் ரயிலுக்கு நேரம் இருந்தது. "ஒரு வேலை காட்டுறேன் வாடா" என்று நடத்திக் கூட்டிப்போனார். ஸ்காட்லாந்துக்காரர்கள் கட்டிய பிரஸ்பிட்டீரியன் கோயில் அது, இன்றைக்கும் கிர்க் என்றே சொல்கிறார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் சென்னையில் இருந்த ஸ்காட்லாந்துச் சிப்பாய்களும் வியாபாரிகளும் தங்கள் முறையில் ஆராதிக்க ஓர் இடம் வேண்டும் என்று கேட்டதால் எழுந்தது. 1818 ஏப்ரல் 6 அன்று அடிக்கல், 1821 பிப்ரவரி 25 அன்று திறப்பு. மூன்று வருஷம்கூட ஆகவில்லை. லண்டனில் உள்ள செயின்ட் மார்ட்டின் ஆலயத்தின் சாயலில், கம்பெனிப் பொறியாளர் தாமஸ் டி ஹாவிலண்ட் கட்டினார்.

உள்ளே போனதும் நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன். நீல வானத்தில் பொன் நட்சத்திரம் பதித்ததுபோல ஒரு குவிமாடம். ஐம்பத்தொன்றரை அடி விட்டம். வட்டமாக நிற்கும் 16 தூண்கள் அதைத் தாங்குகின்றன. அப்பா மேலே பார்க்கவில்லை. ஒரு தூணின் பக்கத்தில் போய், "தொட்டுப் பாரு" என்றார். பளிங்கு என்று நினைத்தேன். "சுண்ணாம்புடா" என்றார். கிளிஞ்சல் சுண்ணாம்பை வெண்ணெய் மாதிரி அரைத்து, முட்டை வெள்ளையும் தயிரும் சேர்த்துப் பூசி, கூழாங்கல்லால் மணிக்கணக்கில் தேய்த்து ஏற்றும் பளபளப்பு அது. உலகத்துக்கே மெட்ராஸ் சுண்ணாம்பு என்று பெயர் போனது.

பிறகு தரையைக் காலால் தட்டி, "இதுக்குக் கீழே என்ன இருக்கு தெரியுமா? கிணறு" என்றார். அந்த இடம் மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும் சதுப்பு நிலம். அதில் செங்கல் கிணறுகளை இறக்கி, அவற்றின் மேல்தான் அஸ்திவாரம் வைத்தார்கள். மணலிலும் சேற்றிலும் கட்டுவதற்கு நம் ஊர்க்காரர்களுக்குக் காலங்காலமாகத் தெரிந்த முறை. வெள்ளைக்காரப் பொறியாளர் அதை மதித்து எடுத்துக்கொண்டார். அந்தக் கிணறுகள்தான் நூற்றறுபத்தாறரை அடிக் கோபுரத்தை இன்றுவரை தாங்குகின்றன. கரையானுக்குப் பயந்து மரக்கூரை போடாமல் குவிமாடத்தைச் செங்கல்லாலேயே எழுப்பினார். அவ்வளவு அகலத்துக்குச் செங்கல் வளைவு தாங்குமா என்று சந்தேகப்பட்டவர்கள் இருந்தார்கள். அதற்குப் பல வருஷம் முன்பே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஒரு பெரிய செங்கல் வளைவைச் சோதனைக்காகக் கட்டி நிறுத்திக் காட்டியவர் அவர். அந்த வளைவு நூறு வருஷத்துக்கு மேல் நின்றது. தெரியாத வேலையைக் கோயிலில் செய்து பார்க்காமல் வெளியே செய்து பார்த்துவிட்டுக் கோயிலுக்கு வந்தார். இதைக் குழு கவனிக்க வேண்டும்.

கிர்க் ஏன் வட்டமாக இருக்கிறது என்பதையும் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். பிரஸ்பிட்டீரியன் வழிபாட்டில் பிரசங்கத்துக்குத்தான் முதலிடம். எந்த மூலையில் உட்கார்ந்தவருக்கும் போதகரின் முகம் தெரிய வேண்டும், குரல் கேட்க வேண்டும். அந்த விசுவாசத்தைத்தான் கட்டடமாக வளைத்தார்கள். நம் ஆலயம் வட்டம் இல்லை, நீள மண்டபம். அதனால்தான் நம் முன்னோர் பிரசங்க பீடத்தை முன்னால் வைக்காமல், மூன்றில் ஒரு பங்கு தள்ளித் தூணோடு ஒட்டி உயரத்தில் வைத்தார்கள். மைக் இல்லாத காலத்தில் கடைசிப் பெஞ்சு பாட்டிக்கும் வசனம் கேட்டது அந்த இடத்தாலும் பீடத்துக்கு மேலே குரலைத் திருப்பி அனுப்பும் அந்த மரக் குடையாலும்தான். அதைக் கீபோர்டு வைக்க இடம் வேண்டுமென்று எடுத்துவிடுவது எனக்குத் தாங்க முடியாததாக இருக்கிறது. இளைஞர்கள் வாசிக்கட்டும், வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். தெற்கு ஓரத்தில் இரண்டு பெஞ்சை நகர்த்தினால் இடம் கிடைக்கும்.

பிரஸ்பிட்டீரியன் என்ற பெயரே மூப்பர்கள் என்ற சொல்லிலிருந்து வந்தது. மூப்பர்கள் சபையால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், சபைக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள். 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அந்த வழக்கமும் ஒரு ஆறாக வந்து கலந்தது. குழுவில் இருக்கும் அண்ணன்மார்களே, நீங்கள் எங்கள் மூப்பர்கள். உங்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை ஐநூறு ரூபாய்க்கு எடுத்த விதவைக்கும் இந்தச் சுவரில் பங்கு இருக்கிறது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா?

பக்கத்தில் புதுச்சேரியைப் பாருங்கள். கடற்கரைச் சாலையில் 1870-71-ல் கட்டிய மேரி கட்டடம், பல வருஷம் கவனிப்பார் இல்லாமல் கிடந்து 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. மறுநாள் நானும் போய்ப் பார்த்தேன். குவியலாகக் கிடந்த செங்கல்லுக்கு நடுவில் உத்தரங்கள் முறிந்து நின்றன. அதன்பிறகு பழைய உருவத்திலேயே திரும்பக் கட்டி 2021-ல் திறந்தார்கள். பார்க்க அதே மாதிரி இருக்கிறது. ஆனால் அது புதுக் கட்டடம். இடிந்த பிறகு எவ்வளவு செலவு செய்தாலும் பழையது திரும்பாது. அதே கடற்கரைக்குப் பின்னால் துய்மா வீதியில் 1855-ல் முடிந்த சம்மனசுகளின் அன்னை ஆலயம் நிற்கிறது. உள்ளே அதன் சுண்ணாம்புப் பூச்சிலும் முட்டை வெள்ளை சேர்த்திருக்கிறார்கள். கடலுக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தும் கையால் தடவினால் குளிர்ச்சியாக, வழவழவென்று இருக்கிறது. நம் வெஸ்ட்ரிச் சுவரில் திங்கட்கிழமை கொத்திப் போட்டதும் அதே குடும்பத்துப் பூச்சுதான்.

ஏசி வேண்டும் என்று சொல்வதில் நியாயம் இருக்கிறது. பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையில் வயசானவர்கள் தவிக்கிறார்கள், போன வருஷம் ஒரு அம்மா மயங்கி விழுந்தார். ஆனால் மேல் வரிசையில் 14 ஜன்னல்கள் இருக்கின்றனவே, அவை எதற்கு? சூடான காற்று மேலே ஏறி அவற்றின் வழியாக வெளியேறத்தான் வைத்தார்கள். வௌவால் வருகிறது என்று பத்து வருஷத்துக்கு முன்னால் பலகை வைத்து ஆணி அடித்தோம். அன்றிலிருந்துதான் உள்ளே புழுக்கம். பலகையை எடுத்துவிட்டுக் கம்பி வலை அடித்தால் வௌவாலும் வராது, காற்றும் ஓடும். கீழே ஃபால்ஸ் சீலிங் போட்டால் அந்த ஜன்னல்கள் நிரந்தரமாகக் கண்ணை மூடிக்கொள்ளும். அதற்கு மேலே ஒழுக்கு வந்தாலும் தெரியாது, கரையான் வந்தாலும் தெரியாது. ஒருநாள் விழும்போதுதான் தெரியும்.

டைல்ஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கடப்பைக் கல்லின் இடுக்கு வழியாகத் தரையின் ஈரம் இன்றைக்கு வெளியே வருகிறது. மேலே டைல்ஸ் ஒட்டினால் அந்த ஈரம் முழுவதும் சுவருக்குத்தான் போகும். அதோடு, நடுப்பாதையில் மூன்று கல்லறைக் கற்கள் இருக்கின்றன. ஒன்றில் ஒரு குழந்தையின் பெயர் இருக்கிறது, பதினோரு மாதம் வாழ்ந்த குழந்தை. சின்ன வயசில் அதை மிதிக்காமல் தாண்டிப் போகச் சொல்லி அம்மா என் தோளைப் பிடித்து நகர்த்துவார். அதன்மேல் பசை தடவி டைல்ஸ் ஒட்டப் போகிறோமா?

சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 அன்று இந்த ஆலயத்தில் யார் யார் படுத்திருந்தார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். கிறிஸ்துமஸ் ஜோடனை இன்னும் அவிழ்க்கவில்லை. கடலோரக் குப்பங்களிலிருந்து ஓடிவந்தவர்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்கள் என்று எவரும் கேட்கவில்லை. 2015 வெள்ளத்தில் மறுபடி திறந்துவிட்டோம். ஊரில் பலர் வீட்டுக்குள் தண்ணீர், இங்கே மூன்று படி ஏறிய தரை காய்ந்தே இருந்தது. அந்த மூன்று படியும் கட்டியவர்களின் கணக்கு. அவர்கள் இந்த ஊரின் மழையையும் கடலையும் நம்மைவிட நன்றாகக் கவனித்திருந்தார்கள்.

வேதாகமத்தில் வரும் யோவாஸ் ராஜா காலத்தில் ஆலயத்துக்கென்று வந்த பணம் பெட்டியில் சேர்ந்து, அங்கிருந்து தச்சருக்கும் கொத்தருக்கும் கல்தச்சருக்கும் போனது. எதற்காக? ஆலயத்தைப் பழுதுபார்க்க. அந்த வேதாகம அதிகாரத்தை நம் ஆயர் ஐயாவே இரண்டு வருஷத்துக்கு முன்னால் பிரசங்கித்தார், நான் குறிப்பு எடுத்து வைத்திருக்கிறேன். பழுதுபார்ப்பது ஒரு வேலை, மாற்றுவது வேறு வேலை. நாங்கள் காணிக்கை கொடுத்தது முதல் வேலைக்கு.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை.

இன்றைக்கே கொத்து வேலையை நிறுத்துங்கள். ஐப்பசி மழை வாசலில் நிற்கிறது. வெஸ்ட்ரிச் சுவரில் செங்கல் திறந்து கிடக்கிறது. இந்த வாரத்துக்குள் அதன்மேல் தார்ப்பாய் கட்டி மறையுங்கள், தை பிறந்ததும் சுண்ணாம்பு பூசலாம். கொத்திப் போட்ட குவியலைக் குப்பை வண்டியில் ஏற்ற வேண்டாம். எந்த அளவில் மணலும் சுண்ணாம்பும் சேர்த்தார்கள் என்பதை அதைச் சோதித்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

சபைக் கூட்டத்தை இந்த மாதக் கடைசி ஞாயிறு கூட்டுங்கள். எஸ்டிமேட்டை வரி விடாமல் வாசியுங்கள். பழைய மரம், கடப்பைக் கல், மணிக்கூண்டின் பித்தளைச் சாமான்கள் எவை எவை என்று பட்டியல் எடுத்து, சபையின் அனுமதி இல்லாமல் அவற்றில் ஒன்றுகூட வளாகத்தைவிட்டு வெளியே போகாது என்று எழுத்தில் கொடுங்கள்.

பழைய கட்டடங்களில் வேலை செய்து பழகிய பொறியாளர் ஒருவரை அழைத்துப் பாருங்கள். சென்னையிலும் இருக்கிறார்கள், இதோ ஒரு மணி நேரத்தில் போகும் புதுச்சேரியிலும் இருக்கிறார்கள். அவர் எழுதித் தரும் அறிக்கை சிமெண்டும் கான்கிரீட்டும் தேவை என்று சொன்னால் நான் வாய் திறக்கமாட்டேன். அறிக்கை வரும் முன்பு ஆலயத்தின் அளவு வரைபடமும் ஒவ்வொரு சுவரின் புகைப்படமும் எடுத்து வைக்க வேண்டும். நம்மிடம் இன்றுவரை ஒரு வரைபடம்கூட இல்லை. நம் வாலிபர் சங்கத்தில் சிவில் படிக்கும் பிள்ளைகள் மூன்று பேர் இருக்கிறார்கள், நான் டேப் பிடிக்கிறேன்.

மேல்தளத்தை இறக்கும் தீர்மானத்தை ரத்து செய்யுங்கள். அரசங்கன்றுகளை வேரோடு எடுத்து, தூம்புகளைச் சுத்தம் செய்து, அந்த நான்கு இடத்தை மட்டும் பிரித்துச் சுண்ணாம்பு ஜல்லி போட்டு அடித்துத் தட்டோடு பதிக்கலாம். பொருளுக்கு ஆகும் செலவைச் சபை கொடுக்கட்டும். என் கூலியும் என் மகன் கூலியும் வேண்டாம். கட்டை அடிக்கத் தெரிந்த அம்மாக்கள் இரண்டு பேர் இன்னும் இருக்கிறார்கள், அவர்களுக்கு மட்டும் முழுக் கூலி கொடுத்துவிடுங்கள். அவர்கள் இருக்கும்போதே நாலு பிள்ளைகள் கற்றுக்கொள்ளட்டும்.

கிழக்குச் சுவரில் நான் பூசிய சிமெண்டை நானே எடுக்க அனுமதி கேட்கிறேன். முதலில் ஒரு ஜன்னலுக்கும் அடுத்த ஜன்னலுக்கும் இடைப்பட்ட ஓர் அகலம் போதும். அதில் சுண்ணாம்பு பூசி அடுத்த வருஷ மழைக்காலம் முழுவதும் கவனிப்போம். உவர் நின்றால் மீதியைச் செய்வோம். நிற்காவிட்டால் நான் தவறு என்று சபைக்கு முன்னால் எழுந்து நின்று சொல்கிறேன்.

மேல் ஜன்னல்களின் பலகையை எடுப்பதற்குத் தீர்மானம் எதுவும் வேண்டாம், ஓர் ஏணி போதும். வருகிற சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு நான் ஏணியோடும் கடப்பாரையோடும் வருகிறேன். ஆயர் ஐயா சாவி கொடுத்தனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
சபையின் உறுப்பினன்,
கொத்தனார் மேஸ்திரி,
கடலூர்.